சம்பளத்துண்டும் கொத்தணிப் பகுப்பாய்வும்: கலஹாத் தோட்டப்புறத்தை முன்வைத்து ஒரு நோக்கு

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தை ஊடறுத்துச் செல்லும் கலஹா வீதி, தேயிலைத் தோட்டங்களை நோக்கி ஏறுகின்றது. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரவும் அப்பக்கமே உள்ளது. இத்தோட்டப்புற வருமானத்தைச் சராசரியொன்றினாற் கூறிவிட்டால், முழுப்பேர் பெற்றவரும் அரைப்பேருடன் திரும்பியவரும் ஒரே எண்ணுள் மறைந்துவிடுவர். இக்குறையை நீக்கவல்லது கொத்தணிப் பகுப்பாய்வு. எனினும், அது தானே உண்மையைக் கண்டுதரும் எனக் கருதுவது தவறு.

ஒத்த தரவுகளை ஒருங்கு சேர்த்தலே இம்முறையின் சாரம். மக்குவீன் 1967இல் பெயரிட்ட ‘கே-இடை’ முறையில், எத்தனை கொத்தணிகள் வேண்டுமென்பதை ஆய்வாளரே முதலிற் கூறுகின்றார். ஒவ்வொரு குடும்பமும் தனக்கு அண்மையிலுள்ள மையத்துடன் சேர்க்கப்படும். பின்னர் மையங்கள் மீளக் கணிக்கப்படும். மாற்றம் நிற்கும்வரை இது தொடரும். மூன்று கேட்டால் மூன்று கிடைக்கும். பிரிவே இல்லாத தரவும் மூன்றாகவே பிரிந்துவரும்!

‘அண்மை’ என்பது யாது? இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. 2024இல் விதிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தைக் கொண்டு ஓர் உதாரணம் அமைப்போம். ஒருவர் 24 நாள் வேலைசெய்து 32,400 ரூபாவும், மற்றவர் 12 நாள் வேலைசெய்து 16,200 ரூபாவும் பெறுகின்றனர். நாள் வேறுபாடு 12. ரூபா வேறுபாடு 16,200. இவற்றை அவ்வாறே வர்க்கித்துக் கூட்டினால் நாட்கள் இருந்த சுவடே தெரியாது. எனவே ஒவ்வொரு மாறியையும் அதன் நியம விலகலால் வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

அதன் பின்னரும் இடர் தீர்வதில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கான தொழிலாளர் பங்கு சம்பளத்தின் 8 சதவீதம். அந்நிரலையும் சேர்த்தால் சம்பளத்தையே இருமுறை எண்ணியவராவோம். இணைந்து மாறும் மாறிகளுக்கெனப் பி. சி. மகலனோபிஸ் 1936இல் வகுத்த தூர அளவையும் இத்தகைய முழுச்சார்பின்முன் பயன்படாது. நிரலை நீக்குதலே வழி.

இனி, தீபாவளி முற்பணத்தை நோக்குவோம். அது பின்வரும் மாதங்களிற் தவணைகளாகச் சம்பளத்திலிருந்து கழிக்கப்படுகின்றது. அம்மாதங்களின் துண்டுகளை மட்டும் எடுத்து, கழிவுகளைக் ‘கடன்’ எனக் கொண்டு பகுப்பாய்வு செய்வோமாயின், முற்பணம் பெற்றோர் தனிக் கொத்தணியாகத் திரள்வர். கணிதத்தில் தவறில்லை. ஆனால் அக்கொத்தணி காட்டுவது பண்டிகை நாட்காட்டியை, குடும்பங்களின் வறுமையையன்று. கடன் வழங்கும் நிறுவனமொன்று அதற்கு ‘இடர்மிக்கோர்’ எனப் பெயரிடுமாயின், லயத்துக் குடும்பமொன்று கூடுதல் வட்டிக்கு உள்ளாகலாம். கடனே மறுக்கப்படவும் கூடும். பெயரிடுதல் கணனியின் செயலன்று, மனிதரின் செயல் என்பதை ஈண்டு வலியுறுத்துவோம்.

வறட்சியிற் கொழுந்து குறையும் மாதங்களும் இத்தகைய மயக்கத்தைத் தரும். ஆகவே குறைந்தது 12 மாதத் துண்டுகளைச் சேர்த்து, முற்பணக் கழிவை ஏனைய கடன்களிலிருந்து வேறாக்கிக் கணித்தல் நன்று. அவ்வாறு பெற்ற கொத்தணிகளையும், ஒவ்வொரு மாதத்தையும் மாறிமாறி நீக்கி மீளச் சோதித்தல் வேண்டும். ஒரு மாதத்தை நீக்கியதும் வேறு கொத்தணிக்குத் தாவும் குடும்பங்களை, எண்களை விடுத்து நேரிற் சென்று வினவுதலே தகும்.