ஒலிநாடாவும் படச்சுருளும்

ஒரு நாட்டு மக்களின் பழைய வரலாற்றை ஆராய்வார்க்குக் கல்வெட்டும் செப்பேடும், கடிதமும் நாட்குறிப்பும் துணை செய்வன. எழுத்தறிவு உடையார் எழுதி வைத்தவற்றைக் கொண்டே பின்வந்தோர் பெரிதும் வரலாறு வகுத்தனர். ஆனால், எழுதுகோலைத் தொடுதலே குற்றம் என்று விலக்கப்பெற்ற மக்கள் தம் வரலாற்றை எங்ஙனம் பொறித்து வைத்தல் கூடும்? அமெரிக்க நாட்டில் அடிமைகளாய் வாழ்ந்த ஆப்பிரிக்க மக்களின் நிலை இத்தகையது.

1619ஆம் ஆண்டில் வர்ஜீனியாக் கரையில் ஆப்பிரிக்கர் சிலர் இறக்கி விற்கப்பெற்றனர். அது முதல், 1865ஆம் ஆண்டில் அரசியற் சட்டத் திருத்தத்தால் அடிமை முறை ஒழிக்கப்பெறும் வரையில், அவர்தம் பிறப்பும் உழைப்பும் இறப்பும் பிறர் ஏட்டிலேயே பதிவாயின. தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்துக் கற்பித்தல் சட்டப்படி தண்டனைக்கு உரிய குற்றமாக இருந்தது. மறைவாகக் கற்றுத் தப்பியோடி நூல் செய்த பிரெடரிக் டக்ளஸ் போன்றோர் மிகச் சிலரே. 1850, 1860 ஆகிய ஆண்டுகளில் எடுக்கப்பெற்ற குடிக்கணக்கில் உரிமையாளரின் பெயர் தெளிவாக எழுதப்பெற்றுள்ளது. அவர்கீழ் இருந்த அடிமைகளுக்கோ அகவையும் பாலும் நிறமும் குறிக்கப்பெற்றனவேயன்றிப் பெரும்பாலும் பெயர் இல்லை. விற்பனைச் சீட்டிலும் தோட்டக் கணக்கிலும் காளையோடும் கலப்பையோடும் ஒரு வரியில் அடங்கிவிட்ட மனிதர் தம் உள்ளத்தில் என்ன எண்ணினர் என்பதை அவ்வேடுகள் கூறமாட்டா.

இக்குறையை நிறைக்கும் முயற்சி 1930ஆம் ஆண்டுகளில் அரசினர் ஆதரவால் நிகழ்ந்தது. பொருளாதார மந்தத்தால் வேலையிழந்த எழுத்தாளர்க்குத் தொழில் தருவதற்கென ஒரு திட்டம் அமைந்தது. அதன்கீழ், 1936 முதல் 1938 வரையில், முன்னாள் அடிமைகள் 2,300 பேருக்கு மேற்பட்டோரைக் கண்டு, அவர் கூறியவற்றை எழுதித் தொகுத்தனர். இஃது அரிய செல்வமே. ஆயினும், வினவச் சென்றவருள் பெரும்பாலோர் தென்னாட்டு வெள்ளையர். அவருட் சிலர் முன்னாள் உரிமையாளர் குடியிற் பிறந்தவர். அவர் முன்னிலையில் அம்முதியோர் அச்சமின்றி மனந்திறந்து பேசியிருப்பர் என்று கொள்ளுதல் அரிது. கூறியவாறே எழுதினரா, தம் விருப்பம்போல் திருத்தி எழுதினரா என்பதையும் ஏட்டை மட்டும் கொண்டு துணிய இயலாது.

குரலே பதிவாகியிருப்பின் இவ்வையத்திற் பாதி நீங்கிவிடும். சொல் மட்டுமன்றிச் சொல்லுக்கு இடையே நின்ற மௌனமும், சொல்லத் தயங்கிய தயக்கமும் குரலில் உண்டு. அடிமை வாழ்வைக் கண்ட 23 பேரின் குரல்கள், 1932 முதல் 1975 வரையில் ஒன்பது தென்மாநிலங்களில் பதிவு செய்யப்பெற்று, வாஷிங்டன் நகரில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில் காக்கப்பெறுகின்றன. எழுதப்பெற்றவை இரண்டாயிரத்துக்கு மேல். குரலாய் எஞ்சியவை இவ்வளவே!

அவருள் ஒருவர் பௌண்டன் ஹியூஸ் என்பார். 1949 ஜூன் 11ஆம் நாள் பால்டிமோர் நகரில் இவர் பேச்சுப் பதிவாயிற்று. தமக்கு 101 அகவை என்றும், தம் பாட்டனார் தாமஸ் ஜெபர்சனுக்கு உரியவராய் இருந்தவர் என்றும் அவர் கூறினார். மக்கள் யாவரும் ஒத்த நிலையில் படைக்கப்பெற்றவர் என்று விடுதலை அறிக்கையில் எழுதியவர் அந்த ஜெபர்சனே என்பதை எண்ணுவார்க்கு இச்செய்தி வியப்பும் வருத்தமும் ஒருங்கே தரும். ஓரிடம் விட்டு ஓரிடம் செல்ல உரிமையாளரின் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்ததையும், ஆடுமாடு விற்பது போல மக்கள் விற்கப்பெற்றதையும், விடுதலை வந்தபோது தங்க இடமும் உண்ண உணவும் இன்றி அலைந்ததையும் அவர் எடுத்துரைத்தார். மீண்டும் அடிமையாக நேருமாயின் உயிர் விடுதலே மேல் என்பதும் அவர் சொல். இவற்றுக்கிடையே, பொருள் சேர்த்த பின்னரே எதனையும் வாங்குதல் வேண்டும், கடன்பட்டு வாங்குதல் தகாது என்று பதிவு செய்ய வந்தவருக்கு அறிவுரையும் கூறினார். திண்ணையில் அமர்ந்து இளையோருக்குக் கதை சொல்லும் முதியவரின் பேச்சாகவே அஃது அமைந்துள்ளது. இத்தகைய உயிர்ப்பை அரசாங்க ஏடு எதிலும் காண்டல் இயலாது.

ஒலிப்பதிவு அந்நாளில் எளிய செயல் அன்று. ஜான் லோமாக்ஸ் என்பாரும் அவர் மகனார் ஆலனும் 1933ஆம் ஆண்டில் தென்மாநிலங்களில் பாடல் தேடிச் சென்றபோது, அவர்கள் காரில் ஏற்றிச் சென்ற பதிவுப் பொறியின் நிறை 315 பவுண்டு. லூசியானா மாநிலத்து அங்கோலாச் சிறையில் அவர்கள் கேட்டுப் பதிந்த பாடகர் ஒருவரே, பின்னாளில் லெட்பெல்லி என்னும் பெயரால் நாடறிந்தவர் ஆனார்.

குரலைப் போலவே உருவும் காக்கப்பெற்றதுண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொணர்தல் 1808ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடுக்கப்பெற்றது. எனினும் 1860ஆம் ஆண்டில் குளோடில்டா என்னும் கப்பல், நூற்றுக்கு மேற்பட்டோரை அலபாமா மாநிலத்து மொபீல் நகர்க்கு அருகே களவாக இறக்கியது. அக்கப்பலில் வந்த கட்ஜோ லூயிஸ் என்பாரை, கறுப்பின எழுத்தாளரும் நாட்டுப்புற வழக்கு ஆய்வாளருமாகிய சோரா நீல் ஹர்ஸ்டன் அம்மையார் கண்டு உரையாடியதோடு, 1928ஆம் ஆண்டில் படமும் எடுத்தார். பேச்சற்ற சிறு படம், அவ்வளவே. ஆனால், ஆப்பிரிக்க மண்ணில் பிறந்து, கடல் கடத்தி விற்கப்பெற்ற மனிதர் ஒருவர் அசைந்து நடமாடுவதை இன்று கண்ணாற் காண அஃது உதவுகின்றது. அம்மையார் எழுதிய அவர் வரலாறு அச்சேறியது 2018ஆம் ஆண்டில். அதற்கு 58 ஆண்டுகளுக்கு முன்பே அம்மையார் மறைந்துவிட்டார்.

திரைப்படக் கலை தொடக்கத்தில் இம்மக்களுக்கு நன்மையினும் தீமையே மிகுதியாகச் செய்தது. 1915ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஒரு நாட்டின் பிறப்பு’ என்னும் படம், கறுப்பரைக் கொடியராகவும் அவரைக் கொன்று திரிந்த கூட்டத்தாரை வீரராகவும் காட்டியது. அப்படத்துக்கு விடையாகக் கருதத்தக்கது, ஆஸ்கார் மிஷோ என்னும் கறுப்பினத்தவர் எடுத்து 1920ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நம் வாயில்களுக்குள்ளே’ என்னும் படம். முறையான விசாரணையின்றி மக்களைத் தூக்கிலிடும் கொடுமையை அஃது அஞ்சாது காட்டிற்று. முந்திய ஆண்டில் சிக்காகோவில் இனக்கலவரம் நிகழ்ந்திருந்தமையால், படத்தைத் திரையிட விடலாகாது என்று அந்நகரில் எதிர்ப்புக் கிளம்பியது. வெட்டுண்ட பின்னரே படம் அரங்கேறியது. பின்னர் அதன் படிகள் யாவும் மறைந்தன. பல பத்தாண்டுகளுக்குப் பின், ஸ்பெயின் நாட்டுப் படக்காப்பகத்தில் வேறு பெயரோடு ஒரு படி கிடைத்தது. அதில் எழுத்துரைகள் ஸ்பானிய மொழியில் இருந்தன. ஒரு பகுதி அழிந்தும் போயிருந்தது. மிஷோவின் பிற எழுத்துக்களில் காணும் நடையை நோக்கி, அவ்வுரைகளை மீண்டும் ஆங்கிலமாக்கி, காங்கிரஸ் நூலகத்தார் 1993ஆம் ஆண்டில் படத்தைச் சீர்செய்து முடித்தனர். ஏடு ஒன்று தன் நாட்டில் அழிந்து, அயல்நாட்டு மொழிபெயர்ப்பிலிருந்து மீட்கப்பெறுவது போன்றது இச்செயல். ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவர் இயக்கிய நெடும்படங்களுள் இன்று எஞ்சியிருப்பவற்றில் பழமையானது இதுவே.

தொழிலாகப் படம் எடுத்தவர் மட்டுமன்று, பிறரும் தொண்டு செய்துள்ளனர். சாலமன் சர் ஜோன்ஸ் என்னும் சமயகுரு, 1924 முதல் 1928 வரையில் ஓக்லகோமா மாநிலத்துக் கறுப்பின மக்களின் வாழ்க்கையை 29 சுருள்களில் பிடித்தார். பள்ளி விட்டு வரும் சிறுவர், கடை வாயிலில் நிற்கும் வணிகர், கோவிலிலிருந்து வெளிவரும் மகளிர் ஆகியோரையே அவர் படங்களில் காணலாம். அம்மாநிலத்து டல்சா நகரில், 1921ஆம் ஆண்டில், கறுப்பினத்தார் வாழ்ந்த கிரீன்வுட் பகுதி வெறியரால் எரியூட்டப்பெற்று முப்பத்தைந்து தெருப்பகுதிகள் சாம்பலாயின என்பதை அறிந்தவர்க்கே, அதன்பின் அம்மக்கள் நல்லுடை அணிந்து தலை நிமிர்ந்து நடக்கும் காட்சியின் பொருள் விளங்கும்.

வானொலியின் நிலை வேறு. திரைப்படம் சுருளாக எங்கேனும் கிடக்கும். வானொலிப் பேச்சோ ஒலித்த அளவில் காற்றோடு கலந்துவிடும். பதிந்து வைத்தாலும், நாடாவின் விலை கருதி, பழையதை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதிந்தனர். கறுப்பினத்தார் ஒருவர்க்கே உரிமையான முதல் வானொலி நிலையம் 1949ஆம் ஆண்டில் அட்லாண்டா நகரில் தோன்றியது. அதன் உரிமையாளர் ஜெசி பிளேடன். அந்நிலையம் இருந்த மாளிகையிலேயே பின்னர் மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்க அலுவலகமும் அமைந்தது. கிங் பேச விரும்பும்போது துடைப்பக் காம்பினால் மேல்தளத்தைத் தட்டுவார் என்றும், மேலிருந்து ஒலிவாங்கி கீழே இறக்கப்பெறும் என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது.

அவர் பேச்சு ஒன்று தப்பிப் பிழைத்த வரலாறு அறியத்தக்கது. 1963 ஆகஸ்டு 28ஆம் நாள் வாஷிங்டனில் அவர் ஆற்றிய ‘கனவு’ உரையை உலகம் அறியும். அதற்கு ஒன்பது திங்களுக்கு முன், 1962 நவம்பர் 27ஆம் நாள், வட கரோலினா மாநிலத்து ராக்கி மவுண்ட் என்னும் ஊரில், உயர்நிலைப் பள்ளி ஒன்றின் உடற்பயிற்சிக் கூடத்தில் அவர் பேசினார். அக்கனவைப் பற்றிய சொற்கள் அங்கேயே அவர் வாயிலிருந்து பிறந்தன. ஜேசன் மில்லர் என்னும் பேராசிரியர் தேடியலைந்து, அவ்வூர்ப் பொது நூலகத்தில் அப்பேச்சின் ஒலிநாடாவைக் கண்டார். துருவேறிய பெட்டியின்மேல், இதனை அழிக்க வேண்டா என்று யாரோ கையால் எழுதி வைத்திருந்தனர். அந்தக் கை யாருடையதாயினும், அது செய்த தொண்டு பெரிது. 2015ஆம் ஆண்டில் அவ்வுரை உலகறியச் செய்யப்பெற்றது.

இந்தியாவுக்கும் இத்தகைய பங்கு ஒன்று உண்டு. 1959ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்த கிங், சென்னை, காந்திகிராமம், மதுரை, குமரிமுனை ஆகிய இடங்களையும் கண்டு, புறப்படுமுன் தில்லியில் அகில இந்திய வானொலியில் விடைபெறும் உரை நிகழ்த்தினார். அவ்வொலிப்பதிவு அந்நிலையத்தின் காப்பறையில் ஐம்பது ஆண்டு கிடந்து, பின்னர் மீண்டும் கேட்கப்பெற்றது.

கண்டெடுத்தலோடு பணி முடிவதில்லை. பழைய நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றுவது. நீருக்குள் அமிழ்த்தினும் அத்தீ அணையாது. அதற்குப் பின் வந்த அசிட்டேட் சுருள் நாளடைவில் புளிக்காடி நாற்றம் வீசிச் சுருங்கிவிடும். ஒலிநாடாவின் பசை ஈரம் உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அதனை இளஞ்சூட்டில் பல மணி நேரம் வாட்டிய பின்னரே ஒருமுறை ஓடவிட்டுப் படியெடுத்தல் கூடும். உடைந்த ஒலித்தட்டின் வரிகளை ஊசி தொடாமல் ஒளியினாற் படம் பிடித்து, கணிப்பொறியால் ஒலியாக மாற்றும் ‘ஐரீன்’ என்னும் கருவியைக் கலிபோர்னியாவில் பெர்க்லி ஆய்வுக்கூடத்தார் அமைத்தனர். வர்ஜீனியாவின் கல்பெப்பர் என்னும் ஊரில், போர்க்காலத்துக்கெனப் பணம் சேமித்து வைக்கக் கட்டப்பெற்ற நிலவறைகள், 2007 முதல் காங்கிரஸ் நூலகத்தின் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் தாங்கி நிற்கின்றன.

காலத்தினும் கொடிய தடை ஒன்றும் உண்டு. அது சட்டத்தால் வருவது. ஹென்றி ஹாம்ப்டன் என்பார், உரிமைப் போராட்டத்தின் வரலாற்றைப் பழைய செய்திப்படங்களாலும் போராடியவர் வாய்மொழியாலும் தொகுத்து, 1987, 1990 ஆகிய ஆண்டுகளில் பதினான்கு பகுதிகளாகத் தொலைக்காட்சியில் வெளியிட்டார். அதிற் சேர்ந்த காட்சிகளும் பாடல்களும் பலருக்கு உரியவை. குறித்த காலத்துக்கே அவற்றைப் பயன்படுத்த உரிமை பெற்றிருந்தமையால், 1990ஆம் ஆண்டுகளின் இடையில் அவ்வுரிமை தீர்ந்து, படத்தை மீண்டும் ஒளிபரப்ப இயலாது போயிற்று. தாங்களே நடத்திய போராட்டத்தைத் தங்கள் மக்களுக்குக் காட்ட இயலாத நிலை! அறநிலையங்கள் பொருளுதவி செய்து உரிமையை மீட்ட பின், 2006ஆம் ஆண்டில் அப்படம் மறுபடியும் ஒளிபரப்பாயிற்று. ஹாம்ப்டன் அதனைக் காணவில்லை. 1998ஆம் ஆண்டிலேயே அவர் காலமானார். படத்தில் இடம் பெறாது எஞ்சிய நேர்காணற் சுருள்கள் செயின்ட் லூயி நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உள்ளன. திரையில் ஓரிரு நிமிடமே தோன்றியவர் அன்று நெடுநேரம் பேசியவற்றை அங்கே முழுமையாகக் கேட்கலாம்.