தனிப்பெயர் எது?



ஆங்கில இலக்கணத்தில் 'பிராப்பர் நவுன்' என்பது யாது என வினவினால், 'பெரிய எழுத்தில் தொடங்குவது' என்று உங்களுட் பலர் விடை கூறுவீர்கள். அஃது அதன் அடையாளமே, இலக்கணம் அன்று. ஜெர்மன் மொழியில் எல்லாப் பெயர்ச்சொற்களுமே பெரிய எழுத்தில் தொடங்குகின்றன. தமிழிலோ பெரிய எழுத்து என்பதே இல்லை; ஆயினும் நொய்யலும் திருப்பூரும் தனிப்பெயர்களே அல்லவா?

'ஒன்றே ஒன்றைக் குறிப்பது' என்பர் சிலர். அதுவும் போதாது. 2009இல் அமைந்த திருப்பூர் மாவட்டத்திற்குக் கலெக்டர் ஒருவரே. எனினும் 'கலெக்டர்' பொதுப்பெயர். அப்பதவியில் அமரும் எவர்க்கும் அச்சொல் பொருந்தும். இனி, ஒரே வகுப்பில் குமரன் என்னும் பெயருடையார் மூவர் இருக்கலாம், அப்பெயர் தனிப்பெயரே. குமரன் என்றால் இளைஞன் என்று பொருள். எண்பது வயது முதியவரையும் அப்பெயரால் அழைக்கிறோமே! அங்கே பொருளை நோக்குவதில்லை, ஆளையே சுட்டுகிறோம். 1932இல் கொடியேந்திச் சென்று, தடியடிபட்டு உயிர்நீத்த திருப்பூர் குமரனைச் சொல்லும்போது, நம் நெஞ்சில் நிற்பவர் அவர் ஒருவரே. இவ்வாறு, வகையைக் கூறாது, குறித்த ஒன்றற்கென்றே இட்டு வழங்குவது தனிப்பெயர்.

நன்னூல் கற்போர்க்கு ஓர் எச்சரிக்கை. மரம் பொதுப்பெயர், பனை சிறப்புப்பெயர் என்பது நம் இலக்கணம். ஆங்கிலத்திலோ பனையும் 'காமன் நவுன்'தான். காட்டிலுள்ள பனை ஒவ்வொன்றுக்கும் அச்சொல் உரியதன்றோ? ஆகவே, நன்னூலார் கூறும் சிறப்புப்பெயரும் ஆங்கிலேயர் கூறும் 'பிராப்பர் நவுனும்' ஒன்றெனக் கொண்டால், தேர்வில் பனைக்கும் பெரிய எழுத்து இட்டு மதிப்பெண் இழக்க நேரும்.

நம் பின்னலாடைத் தொழிலிலேயே அழகிய சான்று ஒன்று உண்டு. ஜெர்சி என்பது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட கடலில் உள்ள ஒரு தீவு. பின்னல் வேலைக்குப் பெயர்பெற்றது. நாளடைவில் அத்தீவின் பெயர் துணிக்கும் ஆயிற்று. இன்று திருப்பூரில் பின்னினாலும் 'சிங்கிள் ஜெர்சி' அதே பெயரால் வழங்குகிறது. தீவை எழுதுகையில் பெரிய எழுத்து. துணியை எழுதுகையில் சிறிய எழுத்து. சொல் ஒன்றே, அது செய்யும் தொழில்தான் வேறு. நாளை வெளிநாட்டு வணிகர்க்குக் கடிதம் எழுதப்போகும் நீங்கள் துணியைத் தீவாக்கிவிடலாகாது.

எனவே எழுதுமுன் ஒன்று கேளுங்கள்: இச்சொல் ஒரு வகையைக் கூறுகிறதா, குறித்த ஒன்றைப் பெயரிட்டு அழைக்கிறதா? விடை தெளிந்தால் எழுத்தும் தானே தெளியும்.