கயிறு தொய்ந்தால்தான் பாலம் நிற்கும்

மணப்பாறைப் பக்கத்தில் வீரமலைப்பாளையம் என்றால் துப்பாக்கி சுட்டுப் பழகும் தளம்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். ராணுவம் அதே அக்கறையோடு நடத்தும் இன்னொரு பயிற்சி கயிற்றில் நடக்கிறது. நம் இளைஞர்களுக்கு அதைப் பற்றி அதிகம் தெரிவதில்லை.

அதில் பேர்போனது பர்மா பாலம். பலகையே கிடையாது, மூன்று கயிறுகள்தான். ஒன்றின் மேல் கால், மற்ற இரண்டில் கைகள். மூன்றையும் சிறு கயிறுகள் பிணைத்திருக்கும். ஒருவர் அவசரப்பட்டால் பாலத்தில் இருக்கும் எல்லோரும் ஆடுவார்கள். அதனால் முன்னால் போகிறவரின் காலடியைப் பார்த்தே பின்னால் வருகிறவர் நகர வேண்டும்.

கயிற்றை விறைப்பாகக் கட்டினால்தான் பத்திரம் என்று தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. 70 கிலோ எடையுள்ளவர் ஒற்றைக் கயிற்றின் நடுவில் நிற்கும்போது அது இருபுறமும் 10 டிகிரி தொய்ந்தால், கயிற்றின் இழுவிசை சுமார் 200 கிலோ எடைக்குச் சமம். 5 டிகிரி மட்டுமே தொய்ந்தால் 400 கிலோ! கயிறு தன் நீளவாக்கில் மட்டுமே இழுக்கும். அந்த இழுப்பில் மேல்நோக்கிய சிறு பங்குதான் ஆளைத் தாங்குகிறது. தொய்வு குறையக் குறைய அந்தப் பங்கும் குறைகிறது, முடிச்சும் கயிறு கட்டிய மரமும் படும் பாடு ஏறுகிறது. பயிற்சி பெற்றவர்கள் வேண்டுமென்றே தொய்வு விட்டுக் கட்டுவது இதனால்தான்.

இத்தகைய கயிறுகளும் இடம்பெறும் ராணுவத் தடைப் பயிற்சிக்கு வித்திட்டவர்களில் ஒருவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபேர். 1902இல் மார்த்தினிக் தீவில் பெலே எரிமலை வெடித்தபோது மீட்புப் பணியில் இருந்தவர் அவர். ஏறவும் தாவவும் சுமக்கவும் தெரிந்த உடலே ஆபத்தில் பிறருக்குப் பயன்படும் என்று நம்பினார்.

நம் நாட்டில் ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியமும் கயிற்றை நம்புகிறது. ஒரு குழுவிடம் கயிறு, பலகை, கட்டை, ஒரு சுமை ஆகியவற்றைக் கொடுத்து, தரையைத் தொடாமல் தடைகளைக் கடக்கச் சொல்வார்கள். தலைவர் என்று யாரையும் நியமிப்பதில்லை. யார் வழி சொல்கிறார், யார் அடுத்தவர் சொல்வதைக் கேட்கிறார், தயங்கி நிற்பவருக்கு யார் கை கொடுக்கிறார் என்பதைத் தேர்வு அதிகாரி கவனிப்பார். என் பார்வையில், எழுத்துத் தேர்வைவிட நேர்மையான தேர்வு இது. சென்னை பரங்கிமலை அகாடமிக்குப் போகும் ஆண்களும் பெண்களும் இதைத் தாண்டித்தான் போகிறார்கள்.

ராணுவக் கனவோடு விடியற்காலையில் 1,600 மீட்டர் ஓடும் தம்பி தங்கைகளே, ஓட்டம் முடிந்ததும் கூட்டாகத் தடைகளைக் கடக்கவும் பழகுங்கள். உயரத்தில் கயிறு கட்டுவதானால் மட்டும், அது தெரிந்த பயிற்சியாளர் இல்லாமல் இறங்காதீர்கள்.