அம்மா கேட்ட மூன்று கேள்விகள்

சென்ற விடுமுறையில் பத்தாங் காலிக்குத் திரும்பியிருந்தேன். எங்கள் வட்டாரத்தில் நடந்த மருத்துவ முகாம் ஒன்றில், இனிப்புநீர்ச் சோதனைக்கு எடுத்தது போக ஆய்வுக்கென்று இன்னொரு குப்பி ரத்தமும் அம்மாவிடம் கேட்டார்கள். பாரமோ மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவர் அம்மா. கையெழுத்திடாமல் வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டார்: "அந்த ரத்தத்த என்னாய்யா செய்வாங்க? எத்தன நாளைக்குக் கெடாம இருக்கும்? அது யாருக்குச் சொந்தம்?"

உயிர்மருத்துவம் பயிலும் எனக்கு உடனே பதில் வரவில்லை. தேடித் தெரிந்துகொண்டதை உங்களோடும் பகிர்கிறேன்.

முதல் கேள்வி. ரத்தத்தில் சிவப்பணுக்களே மிகுதி. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை. அதன் ஆயுளும் ஏறத்தாழ 120 நாள்தான். ஆய்வாளர்கள் தேடுவது வெள்ளையணுக்களை. ரத்தத்தை அடர்த்தி மிக்க ஒரு திரவத்தின் மேல் ஊற்றி வேகமாகச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கும். நோய் எதிர்ப்பு வெள்ளையணுக்கள் நடுவில் மெல்லிய வெண்படலமாக நிற்கும். அதை உறிஞ்சி எடுப்பார்கள். மரபணுவை மட்டும் படிக்க இறந்த அணுவே போதும். ஆனால் ஒரு கிருமியையோ தடுப்பூசியையோ கண்டால் அணு என்ன செய்கிறது என்று பார்க்க, அது உயிரோடு இருக்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி. உறைப்பெட்டியில் வைத்த தக்காளி, வெளியே எடுத்ததும் கொழகொழத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளிருக்கும் நீர் பனிப்படிகமாகித் திசுக்களைக் கிழித்துவிடுகிறது. ரத்த அணுவுக்கும் இதே கதிதான். 1949இல் கிளிசரின் கலந்தால் விந்தணு உறைந்தும் பிழைக்கும் என்று இங்கிலாந்தில் கண்டறிந்தார்கள். 1959இல் டிஎம்எஸ்ஓ என்ற திரவம் வந்தது. இன்று வெள்ளையணுக்களோடு இதனைப் பத்து விழுக்காடு அளவில் சேர்த்து, நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் மெதுவாகக் குளிரவைக்கிறார்கள். பிறகு திரவ நைட்ரஜன் கலனுக்கு மாற்றுகிறார்கள். அத்திரவத்தின் வெப்பநிலை கழி 196 பாகை செல்சியஸ். அங்கே அணுவின் இயக்கங்கள் ஏறக்குறைய நின்றுவிடுவதால் பல ஆண்டுகள் கெடாது. உருக்கும்போது மட்டும் அவசரம் வேண்டும்: 37 பாகை நீரில் விரைவாக உருக்கி, டிஎம்எஸ்ஓவைக் கழுவிவிட வேண்டும்.

இதில் நம் ஊருக்கு ஒரு சிக்கல் உண்டு. எடுத்த ரத்தத்தைச் சில மணி நேரத்துக்குள் பிரிப்பதே நல்லது; தாமதமானால் அணுக்களின் தரம் குறையும். ஐஸில் வைத்தும் அனுப்பக்கூடாது, வெயிலில் நிற்கும் காரிலும் விடக்கூடாது. ஆய்வுக்கூடத்துக்குத் தொலைவிலுள்ள தோட்டத்து ரத்தம் விடுபட்டுப் போவது எளிது.

விடுபட்டால் என்ன? மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் நடத்திய 'மலேசியன் கோஹோர்ட்' ஆய்வு, 2006 முதல் 2012 வரை 35 முதல் 70 வயதுக்குட்பட்ட 1,06,527 பேரைச் சேர்த்து, அவர்களின் மாதிரிகளை உயிரியல் வங்கியில் வைத்தது. அவர்களில் 16.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. மூவினங்களில் இந்தியரிடமே அது மிகுதி. என் அப்பாவையும் இனிப்புநீர்தான் கொண்டுபோனது. நம் ரத்தம் வங்கியில் இல்லாவிட்டால், நம் உடம்பைப் பற்றிய கேள்விகளுக்குப் பிறர் உடம்பில்தான் விடை தேடுவார்கள்.

மூன்றாம் கேள்விதான் கடினம். 1951இல் அமெரிக்காவில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுநோய் அணுக்களை அவரைக் கேட்காமலே ஆய்வுக்கு எடுத்தார்கள். அவை இன்றும் உலகெங்கும் வளர்கின்றன. அவர் குடும்பத்துக்கோ இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அது தெரியாது. அதனால்தான் விளக்கிச் சொல்லிப் பெறும் ஒப்புதல் இன்று கட்டாயமாகக் கருதப்படுகிறது. கொடுத்தவர் பின்னர் விலகிக்கொள்ளவும் உரிமை உண்டு. ஆனால் புரியாத மொழியில் இடும் கையெழுத்து ஒப்புதலாகுமா?

அன்றிரவு அந்தப் பாரத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். கொடுப்பதால் அம்மாவுக்கு நேரடிப் பயன் இராது என்பதையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்தவர், "இப்புடிச் சொல்லிக் கேட்டா குடுக்கலாமே" என்றார். மறுநாள் கையெழுத்திட்டார்.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை மருத்துவர், தாதியர், ஆய்வாளர் ஆவோம். அந்தப் பாரத்தைத் தமிழில் விளக்கும் வேலையும் நம்முடையதுதான்.