ஒரு செடி அங்கே இருந்ததற்குச் சாட்சி

ஸ்ரீவைகுண்டம் வடகால் வழியாகச் சாயர்புரம் வட்டாரக் குளங்களுக்கு வரும் தாமிரபரணித் தண்ணீர் பொதிகையில் பிறக்கிறது. அதே பொதிகையில், 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலையின் பாறைச் சரிவுகளில், பாபியோபெடிலம் ட்ரூரி என்ற அரிய ஆர்க்கிட் வளர்கிறது. மஞ்சள் பூ, நடுவே பழுப்புக் கோடு, செருப்பு முனைபோல் குழிந்த கீழிதழ். இந்தியாவில் இதன் சொந்தங்கள் எல்லாம் இமயத்திலும் வடகிழக்கிலும் இருக்க, தெற்கே இது ஒன்றுதான்.

1865இல் கர்னல் ஹீபர் ட்ரூரி இதைக் கண்டார். 1874இல் பெட்டோம் என்பவர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். பெயர் பரவியதே வினையாயிற்று. ஐரோப்பியத் தோட்டப் பிரியர்களுக்காகச் செடிகள் வேரோடு பெயர்க்கப்பட்டன. அழிந்தே போனதாகக் கருதப்பட்ட செடி 1972இல்தான் மறுபடி கண்ணில் பட்டது.

நெடுங்காலம் யாரும் பார்க்காத செடியை இன்னதென்று எப்படி உறுதி செய்வது? அதற்குத்தான் உலர்தாவரத் தாள். கிளையைப் பூவோடு தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி, பூச்சி அரிக்காமல் மருந்திட்டு, கெட்டித் தாளில் ஒட்டுவார்கள். சேகரித்தவர், இடம், தேதி எழுதிய சீட்டுதான் அதன் உயிர். சீட்டு இல்லையென்றால் அது வெறும் சருகு.

1853இல் கிளெக்கார்ன் என்பவர் தொடங்கிய மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரத் தொகுப்பு இப்போது கோவையில், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் பொறுப்பில் இருக்கிறது. அங்குள்ள தாள்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். பழைய தாள்கள் எதிர்பாராத கேள்விகளுக்கும் பதில் சொல்கின்றன. 1987இல் உட்வர்ட் என்ற ஆய்வாளர் இங்கிலாந்தின் பழைய இலைகளை ஆராய்ந்தார். இருநூறு ஆண்டுகளில் காற்றில் கரியமில வாயு கூடக்கூட, இலைத்துளைகளின் அடர்த்தி ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருந்தது. சேகரித்தவர்கள் இதைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் சீட்டில் உள்ள இடப்பெயர் திருடனுக்கும் வழிகாட்டும். ஆகவே அரிய செடிகளின் துல்லியமான இடத்தைப் பொதுவில் மறைப்பதே சரி. ட்ரூரி ஆர்க்கிட் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருக்கிறது. காட்டிலிருந்து எடுத்த செடிகளின் பன்னாட்டு வணிகத்துக்கும் தடை உண்டு.

தூத்துக்குடி, பாளையங்கோட்டை கல்லூரி மாணவர்கள் கோவைக்குப் போக வேண்டியதில்லை. இந்திய மெய்நிகர் ஹெர்பேரியத்தில் பல தாள்களைக் கைபேசியிலேயே பார்க்கலாம். பொதிகை ஏறுபவர்கள் அரிய பூவைக் கண்டால் பறிக்காதீர்கள். படமெடுத்து வனத்துறையிடம் காட்டுங்கள். இடத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள்.