கேமரா பார்க்கும்... டி.வி.ஆர்-தான் நினைவில் வைக்கும்!

வீட்டில் திருட்டு நடந்தால், விசாரணைக்கு வரும் போலீஸார் முதலில் கேட்பது, "கேமரா இருக்கா?" என்பதைத்தான். இருக்கிறது என்றால், அடுத்த கேள்வி, "ரெக்கார்டிங் இருக்கா?" முதல் கேள்விக்குச் சட்டென்று தலையாட்டுபவர்கள், இரண்டாவது கேள்வியில் திணறிவிடுகிறார்கள். காரணம், கேமரா வாங்கும்போது காட்டும் அக்கறையை, அதன் பதிவைச் சேமிக்கும் டி.வி.ஆர் பெட்டியின் மீது யாரும் காட்டுவதில்லை.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

4, 8, 16 கேமராக்களை இணைக்கும் அளவுகளில் டி.வி.ஆர் கிடைக்கிறது. ஒவ்வொரு கேமராவின் கேபிளும் பெட்டியின் பின்பக்கத்தில் வந்து சேரும். வரும் காட்சிகளைச் சுருக்கி, உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்கில் பெட்டி எழுதிவைக்கும். டி.வி-யோடு இணைத்தால் அதிலும், இன்டர்நெட் கொடுத்தால் செல்போனிலும் பார்க்கலாம்.

பலர் ஏமாறுவது இங்கேதான். ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டியது. அது இல்லாவிட்டாலும், பழுதானாலும் செல்போனில் நேரலை வழக்கம்போலத் தெரியும். ஆனால், பெட்டியில் எதுவும் பதிவாகாது. 'படம் தெரியுதே' என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய பழைய டிஸ்க்கைப் போட்டு ஒப்பேற்றுவதும் வேண்டாம். 24 மணி நேரமும் எழுதுவதற்கென்றே தயாரிக்கப்படும் கண்காணிப்பு ஹார்டு டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள்.

எத்தனை நாள் தாங்கும்?

ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்குச் சுமார் 21.6 ஜி.பி ஆகும். நான்கு கேமராக்களுக்கு 86 ஜி.பி. அப்படியானால், 1 டெராபைட் டிஸ்க் சுமார் 11 நாள்களில் நிரம்பிவிடும். அதன்பிறகு பழைய பதிவின் மீதே புதியது எழுதப்படும். 15 நாள் வெளியூர் போய்வரும் குடும்பத்துக்கு, கிளம்பிய மறுநாள் நடந்த திருட்டின் காட்சி கிடைக்காது!

ஹெச்.264 முறையைவிட ஹெச்.265 முறை, ஏறக்குறைய பாதி இடத்தில் அதே தரத்தில் சேமிக்கும். உங்கள் டி.வி.ஆரில் அந்த வசதி இருந்தால், செட்டிங்ஸில் மாற்றினாலே நாள்கள் கூடும். காவல் நிலைய கேமரா பதிவுகளை 18 மாதங்கள் வைத்திருக்க வேண்டும், ஓராண்டுக்குக் குறையவே கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. 30 நாள்களை இலக்காக வைத்து டிஸ்க் வாங்கலாம்.

எங்கே வைப்பது?

டி.வி-க்குப் பக்கத்தில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி வைத்தால், திருடர் நகையோடு பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய்விடலாம். காற்றோட்டமுள்ள, எளிதில் தெரியாத, பூட்டக்கூடிய இடமே சரி. மின்சாரம் நின்றால் பதிவும் நின்றுவிடும் என்பதால், டி.வி.ஆர், கேமராக்கள் இரண்டுக்கும் யு.பி.எஸ் இணைப்பு அவசியம்.

பாஸ்வேர்டும் நேரமும்

பொருத்த வந்தவர் வைத்துவிட்டுப்போன பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டோடு விடப்பட்ட கேமராக்களையும் டி.வி.ஆர்-களையும் 2016-ல் 'மிராய்' என்ற கெடுதல் மென்பொருள் பெருமளவில் கைப்பற்றியது. அந்த அக்டோபரில் அவற்றை ஏவி நடத்திய தாக்குதலில், அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே முடங்கின.

டி.வி.ஆர் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்றும் பாருங்கள். இரவு 2 மணிக்கு நடந்த சம்பவம் பதிவில் மாலை 5 மணி என்று காட்டினால், சாட்சியத்தின் மீது சந்தேகம் எழும்.

சம்பவம் நடந்துவிட்டால்...

முதல் வேலை, அந்த நேரத்துப் பதிவை பென் டிரைவில் பிரதி எடுப்பது. தள்ளிப்போட்டால் அழிந்துவிடலாம். மானிட்டர் திரையை செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது பிரதி ஆகாது. டி.வி.ஆரில் உள்ள மூலப் பதிவையும் அழிக்காதீர்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் சட்டத்தின் 63-வது பிரிவின்படி, இத்தகைய மின்னணுப் பதிவின் பிரதியை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க, உரிய சான்றிதழும் வேண்டும். கருவிக்குப் பொறுப்பானவரும் நிபுணரும் அதில் கையெழுத்திட வேண்டும். எனவே, பிரதி எடுத்த தேதி, நேரம், எடுத்தவர் பெயரைக் குறித்துவையுங்கள்.

மாதம் 5 நிமிடம்

மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து, 10 நாள் முந்தைய இரவுப் பதிவு ஒன்றை ஓட்டிப் பாருங்கள். படம் வருகிறதா, முகம் தெரிகிறதா, நேரம் சரியா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால்தான், உங்கள் வீட்டு கேமரா உண்மையிலேயே வேலை செய்கிறது என்று அர்த்தம்.