சாடியில் வளரும் கைமருந்து: கற்பூரவள்ளி

வீட்டுத்தோட்டம் என்றவுடன் பெரிய வளவும் வற்றாத கிணறும் வேண்டும் என எண்ணிப் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். இவை இரண்டும் இல்லாத வீட்டிலும் வளரக்கூடியது கற்பூரவள்ளி. துளசி, புதினா, மலைநாட்டுக் குளிரில் வளர்க்கப்படும் ரோஸ்மேரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. தடித்த இலைகளில் நீரைச் சேமித்துக்கொள்வதால் வன்னிக் கோடையையும் தாங்கும்.

2009இல் யுத்தம் முடிந்த பின்னரும், சொந்தக் காணியின்றி உறவினர் வளவில் வாழும் பெண்களை எனது பணியில் சந்திக்கின்றேன். "ஆற்றையோ காணியில நட்டு என்ன பிரயோசனம்? எழும்பச் சொன்னால் விட்டிட்டுத்தானே போகவேணும்" என்றார் மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவர். அவருக்கு உடைந்த வாளியொன்றில் கற்பூரவள்ளி நட்டுக் கொடுத்தேன். மறுவருடம் இடம் மாறியபோது வாளியையும் தூக்கிச் சென்றார். இன்று அது ஐந்து சாடிகளாகிவிட்டது. சாடி காணிக்கு ஈடாகாது. காணிக்கான விண்ணப்பத்தைக் கைவிடவும் கூடாது. ஆனால் அதுவரை கையை மடக்கிக்கொண்டு இருக்கத் தேவையில்லை.

நடும் முறை

நான்கைந்து அங்குல நீளமான தண்டை முறித்து, அடி இலைகளை அகற்றுங்கள். அடியில் துளையிட்ட வாளியில் மண், மணல், உக்கிய மாட்டெரு மூன்றையும் சம அளவில் கலந்து நடுங்கள். இரண்டு, மூன்று வாரம் நிழலில் வைத்தால் வேர்விடும். பின்னர் காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள்.

பராமரிப்பு

மேல்மண் காய்ந்த பின்பே நீர் ஊற்றுங்கள். நீர் கூடினால் தண்டு அழுகும். ஆகவே ஒக்டோபர் முதல் பெய்யும் மாரி மழையில் சாடியைத் தாழ்வாரத்தில் வையுங்கள். நுனியைக் கிள்ளினால் கிளைகள் பெருகும். தண்டு முற்றியதும் புதிய தண்டு நடுங்கள். சாடியின் கீழ்த் தட்டில் நீர் தேங்கவிடாதீர்கள். டெங்கு நுளம்பு பெருகும்.

பயன்

தடிமன், இருமலுக்கு இலையை அவித்துக் குடிப்பது எம்மவர் வழக்கம். ரசத்திலும் இரண்டு இலை போடலாம். கடலைமாவில் தோய்த்துப் பொரித்தால் பிள்ளைகள் விரும்பி உண்பர். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இலைச்சாற்றுடன் தேன் கொடுக்கவே கூடாது. காய்ச்சலோ மூச்சுத்திணறலோ இருப்பின் கைமருந்தை நம்பிக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

சகோதரிகளே, இச்செடிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அயல்வீட்டில் ஒரு தண்டு கேளுங்கள். உங்களுடையது தழைத்ததும் இன்னொருத்திக்கு ஒன்று முறித்துக் கொடுங்கள்.